அவங்க தப்பு, நம்ம சொத்தா?

பில்லில் 16 ஜிபி ரேம். பெட்டிக்குள் 32 ஜிபி. இப்படியொரு பார்சல் வந்திருக்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். மைத்துனர், அலுவலகத் தோழர், கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருகிற தம்பி, யாரைக் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: "பேசாம மாட்டிக்கோங்க. அவங்க தப்பு, நமக்கென்ன?" திருப்பிக் கொடுக்கலாமா என்று இழுத்தால் பிழைக்கத் தெரியாத ஆள் என்று பெயர் வைத்துவிடுவார்கள். அதுவே 32 கேட்டு 16 வந்திருந்தால், இதே ஆட்கள் அரை மணி நேரத்துக்குள் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, நுகர்வோர் நீதிமன்றம் வரைக்கும் போவேன் என்று குரலை உயர்த்தியிருப்பார்கள். அதில் தப்பில்லை. கூடுதலாக வந்தபோது மட்டும் அதே மனிதருக்குச் சட்டமும் நியாயமும் வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கிறதே, அதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

வைத்துக்கொள்ளலாம் என்பதற்குச் சொல்லப்படும் நியாயங்கள் நாலைந்து உண்டு. ஒன்றும் தேறாது என்பது என் கட்சி. எதிர்க்கட்சியின் கையிலும் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நியாயம், தப்பு அவர்களுடையது என்பது. ஆமாம், அவர்களுடையதுதான். அந்தத் தப்பு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். ஜி.ஸ்கில் கம்பெனியின் டிடிஆர்4 ரேம்களில் ஒன்றின் மாடல் எண் எஃப்4-3200சி16டி-16ஜிவிகேபி. இன்னொன்று எஃப்4-3200சி16டி-32ஜிவிகே. முதலாவது 16 ஜிபி, இரண்டாவது 32 ஜிபி. இரண்டுமே இரண்டு குச்சிகள் கொண்ட பேக். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும் இரண்டையும் அடுத்தடுத்த தட்டில் வைத்துவிட்டு, பண்டிகைக் காலத் தள்ளுபடி நாளில் மணிக்கு இத்தனை பார்சல் என்று ஒருவரை ஓட விட்டால், கை தடுமாறத்தான் செய்யும். அது கவனக்குறைவு. கவனக்குறைவுக்கு ஒரு விலை உண்டு, அதைக் கடைக்காரர் கொடுத்தாக வேண்டும்: ஆள் அனுப்பித் திரும்ப எடுக்கும் செலவு, சரியான பொருளை மறுபடி அனுப்பும் செலவு, காத்திருந்த வாடிக்கையாளரின் எரிச்சல். அந்த விலைக்கு மேல் பொருளையும் அபராதமாக எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் கணக்கைத்தான் யாரும் காட்டுவதில்லை.

இதே கேள்வி 1841ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஒரு நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. கெல்லி எதிர் சொலாரி என்ற வழக்கு. சொலாரி என்பவர் ஆயுள் காப்பீடு எடுத்திருந்தார், ஒரு தவணை கட்டாமல் விட்டார், பாலிசி காலாவதியானது, பிறகு இறந்துபோனார். பாலிசி செத்துவிட்டது கம்பெனிக்காரர்களுக்கு முன்பே தெரியும். பணம் கொடுக்கும் நேரத்தில் அதை மறந்துபோய், சுமார் 200 பவுண்டை அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டார்கள். நினைவு வந்ததும் திருப்பிக் கேட்டார்கள். யார் பக்கம் நம் மனசு சாயும்? ஒரு பக்கம் காப்பீட்டுக் கம்பெனி, எதிரே ஒரு விதவை. தப்போ முழுக்க முழுக்கக் கம்பெனியுடையது, அதுவும் தெரிந்த விஷயத்தை மறந்த தப்பு. ஆனாலும் மறுவிசாரணைக்கு உத்தரவிட்ட நீதிபதிகள் சொன்ன கோட்பாடு இதுதான்: உண்மையை மறந்து கொடுத்த பணத்தை, கொடுத்தவர் எவ்வளவு அசட்டையாக இருந்திருந்தாலும், திரும்பக் கேட்கலாம். தெரிந்தே, போனால் போகட்டும் என்று கொடுத்திருந்தால்தான் அது போனது. கொடுத்தவரின் அசட்டை, வாங்கியவருக்கு உரிமைப் பத்திரம் ஆகாது.

நம் ஊருக்கு வருவோம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தையோ ஒப்படைக்கப்பட்ட பொருளையோ பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அதற்கு இரண்டு பிரிவு முன்னால், 70ஆம் பிரிவுக்குக் கீழே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒரு வியாபாரி தவறுதலாக ஒருவர் வீட்டில் சரக்கை விட்டுவிட்டுப் போகிறார். வீட்டுக்காரர் அதைத் தன்னுடையதாகவே பாவித்துக்கொள்கிறார். அப்படியானால் அதற்கான விலையை அவர் வியாபாரிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். கூரியரும் கிராஃபிக்ஸ் கார்டும் கற்பனையில்கூட இல்லாத காலத்தில், மாட்டுவண்டியில் சரக்கு போன காலத்தில் எழுதியது. நம்முடைய பார்சல் விவகாரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் இரண்டு வந்துவிட்டால்? அதற்கு 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு. கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை மறுக்கலாம், எல்லாவற்றையுமே மறுக்கலாம், எல்லாவற்றையும் ஏற்றால் பேசிய விலைக்கணக்கில் எல்லாவற்றுக்கும் பணம் கொடுக்க வேண்டும். இனாமாக வைத்துக்கொள்வது என்ற நாலாவது வழி அந்தப் பிரிவில் இல்லை.

இங்கேதான் இரண்டாவது நியாயம் எழுந்து நிற்கும். "கேட்காம அனுப்பினா அது கிஃப்ட், சட்டமே அப்படித்தான் சொல்லுது." அப்படியொரு சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில். 1970இல் அந்நாட்டு அஞ்சல் துறையைச் சீரமைத்தபோது வந்தது. அது ஏன் வந்தது என்பதைச் சொன்னால் வாதம் அங்கேயே உட்கார்ந்துவிடும். யாரும் கேட்காத சாமான்களை வீடுவீடாகத் தபாலில் அனுப்பிவிட்டு, பின்னாலேயே பில்லையும் அனுப்பி, "பணம் கட்டு, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு" என்று மிரட்டிப் பிழைத்த ஒரு வியாபாரக் கூட்டம் அங்கே இருந்தது. அந்தக் கூட்டத்தின் வாலை நறுக்கத்தான் கேட்காமல் வந்த பொருளை அன்பளிப்பாகக் கருதலாம் என்று எழுதினார்கள். பிரிட்டனும் 1971இல் இதே நோக்கத்தோடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. வேண்டுமென்றே திணிப்பவனைத் தண்டிக்க வந்த சட்டம் அது. நாம் ஆர்டர் போட்டு, பணம் கட்டி, அதற்கு அனுப்பும்போது கை மாறிப்போன கதைக்கும் அதற்கும் என்ன உறவு? யூடியூபில் யாரோ ஓர் அமெரிக்கர் சொன்னதைக் கேட்டுவிட்டு ஈரோட்டில் உட்கார்ந்து சட்டம் பேசுவது வேடிக்கைதான். அந்த அமெரிக்கர் சொன்னதே அரைகுறை என்பது அதைவிட வேடிக்கை.

பெரிய இடத்துத் தப்புக்கும் ஓர் அமெரிக்க உதாரணம் உண்டு. 2020 ஆகஸ்டில் சிட்டி வங்கி, ரெவ்லான் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி மட்டும் அனுப்பப் போய், அசலையும் சேர்த்து ஏறக்குறைய 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் 50 கோடி டாலரை மற்றவர்கள் விடவில்லை. 2021 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றம் வைத்துக்கொண்டவர்கள் பக்கம் தீர்ப்பளித்தபோது, "பார்த்தீர்களா, கிடைத்தவனுக்கே சொந்தம்" என்று உலகமே குதித்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது, அதைப் பற்றிக் குதித்தவர்கள் யாரும் பேசவில்லை. கீழ் நீதிமன்றம்கூட எதை வைத்து அப்படிச் சொன்னது? அந்தப் பணம் உண்மையிலேயே அவர்களுக்கு வர வேண்டிய கடன் என்பதை வைத்து. 16 ஜிபிக்குப் பணம் கட்டியவருக்கு 32 ஜிபி எந்தக் கடன்?

மூன்றாவது நியாயம்தான் எல்லோருக்கும் பிடித்தது: "அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் தூசு." தூசுதான், அந்தக் கம்பெனியுடைய சரக்காக இருந்தால். இந்தியாவின் அந்நிய முதலீட்டு விதிகள்படி, வெளிநாட்டு முதலீட்டோடு நடக்கும் ஆன்லைன் சந்தை தன் தளத்தில் தன் சொந்தச் சரக்கை விற்க முடியாது. அது சந்தைதான், கடை அல்ல. 2019 பிப்ரவரி 1 முதல் இந்த விதி இன்னும் இறுக்கப்பட்டது. அமேசானோ, வால்மார்ட் கைக்குப் போன ஃப்ளிப்கார்ட்டோ, பெட்டியின் மேல் எவ்வளவு பெரிதாகப் பெயர் போட்டிருந்தாலும், பில்லைப் பிரித்துப் பாருங்கள். விற்றவர் என்ற இடத்தில் வேறொரு பெயர் இருக்கும். சில சமயம் அது பெரிய மொத்த வியாபாரியாக இருக்கும். சில சமயம் டெல்லி நேரு பிளேஸிலோ, பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ, நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ மாடிப்படிக்குக் கீழே பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவராகவும் இருக்கும்.

அவருக்கு என்ன ஆகிறது என்று கணக்குப் போடலாம். அவர் அலமாரியில் 32 ஜிபி ஒன்று குறைந்து, 16 ஜிபி ஒன்று கூடுதலாக நிற்கிறது. வித்தியாசம்தான் நஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். அது 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் உதிரி வியாபாரத்தில் புராசஸர், ரேம் போன்றவற்றில் நிற்கிற லாபம் மெலிசானது. நூற்றுக்கு ஐந்து ரூபாய் நிற்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அந்த 5,000 ரூபாயை மீட்க அவர் இன்னும் ஒரு லட்சம் ரூபாய்க்குச் சரக்கு விற்றாக வேண்டும். ஜிஎஸ்டி வேறு. கம்ப்யூட்டர் உதிரிகளுக்கு 18 சதவீதம். வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்வது வழக்கம். தொலைந்துபோன, திருட்டுப்போன, கணக்கிலிருந்து தள்ளிய சரக்குக்கு அப்படிக் கழிக்க முடியாது என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. 10,000 ரூபாய்ச் சரக்கு காணவில்லை என்று எழுதினால் போவது 11,800. ஆடிட்டர் வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கு இது தெரியும். "கம்பெனிக்குத் தூசு" என்கிறவர்களுக்குத் தெரியாது.

பொதி கட்டிய தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று சொல்லி இங்கே கண்ணீர் வரவழைக்க நான் முயலவில்லை. சில இடங்களில் பிடிப்பார்கள், பல இடங்களில் பிடிக்க மாட்டார்கள். விற்றவர் கோடீஸ்வரராகவே இருக்கட்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நேரில் போய் வாங்குகிறீர்கள், கடைப் பையன் அவசரத்தில் வேறு பீஸை எடுத்துக் கொடுத்துவிடுகிறான். சாயங்காலம் கடைக்காரர் போனில், "சார், மாத்திக் கொடுத்துட்டான் பையன், சீல் உடைச்சிட்டீங்களா?" என்கிறார். "உங்க தப்பு, எனக்கென்ன?" என்று பதில் சொல்லிவிட்டுப் போனை வைக்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? அடுத்த நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவோம். அந்தக் கடைக்காரர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று விசாரித்துவிட்டா போகிறோம்? நாம் வைத்துக்கொள்வது அவர் பெரியவர் என்பதால் அல்ல, அவர் முகம் தெரியவில்லை என்பதால்தான்.

நாலாவது, பழிக்குப் பழி. "எத்தனை தடவை நம்மளை ஏமாத்தியிருக்காங்க! போன் கேட்டா சோப்புக் கட்டி அனுப்பறாங்க." அனுப்புகிறார்கள். இந்த நாட்டில் பார்சல் பிரிப்பதையே வீடியோ எடுக்க வேண்டியிருக்கிறது என்றால் காரணம் இல்லாமல் இல்லை. கணினி உதிரியில் இதைவிட மோசம், ஏமாந்ததே பலருக்குத் தெரியாது. 3200 வேகம் என்று வாங்கியது 2400 வேகத்து ரேமாக இருந்தாலும் கம்ப்யூட்டர் ஓடும். சிபியு-இசட் போன்ற ஒரு மென்பொருளை வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இந்தக் கோபம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கோபம் யார் தலையில் இறங்குகிறது என்பதுதான் சிக்கல். பெட்டி மாறிப்போவது பல நேரம் தனியாக நடக்காது. உங்களுக்கு 32 வந்திருக்கிறது என்றால், 32 கேட்ட இன்னொருவர் வீட்டில் 16 வந்து இறங்கியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவர் ஒரு தையல் கடைக்காரரின் மகளாக இருக்கலாம், வீடியோ எடிட்டிங் செய்து பிழைக்கிறவராக இருக்கலாம், யாரோ. அவர் போன் செய்து, "நான் கட்டினது 32க்கு, வந்தது 16" என்கிறார். எதிர்முனை என்ன கேட்கும்? அன்பாக்ஸிங் வீடியோ இருக்கிறதா என்று கேட்கும். இல்லை என்றால் அவர் பொய் சொல்கிறார். அவர் சொல்வது நிஜம் என்பதற்கான ஒரே சாட்சி உங்கள் கம்ப்யூட்டருக்குள் மாட்டியிருக்கிறது. நீங்கள் ஒரு மெயில் போட்டிருந்தால் பெட்டி மாறியது கடைக்குத் தெரிந்திருக்கும், அவர் புகார் அந்த நிமிஷமே நிஜமாகியிருக்கும். சோப்புக் கட்டி அனுப்பிய திருடனுக்கு உங்கள் பழிவாங்கலால் ஒரு பைசா நஷ்டமில்லை.

"வீடு தேடி வர்ற லட்சுமியை எட்டி உதைக்காதே" என்றும் சொல்வார்கள். லட்சுமி விலாசம் தவறி வந்திருக்கிறாள், பில்லில் அவள் பெயரே இல்லை. இதற்கு மேல் இந்த நியாயத்துக்குப் பதில் வேண்டாம்.

என் பக்கம் இருப்பவர்களிடமும் ஒரு சண்டை போட வேண்டும். திருப்பிக் கொடுக்கச் சொல்லும் பலர், "வைத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வாய்" என்று பயமுறுத்துகிறார்கள். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் பொருளின் சீரியல் நம்பரும் பொருந்தாது, வாரண்டி கிடைக்காது என்பது அவர்கள் வாதம். ஹார்டு டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றில் இது ஓரளவு உண்மை. சீரியல் நம்பரை வைத்துத்தான் வாரண்டி பார்ப்பார்கள், பில்லையும் கேட்பார்கள். ஆனால் ரேம் அபூர்வமாகத்தான் கெடும். பத்தில் ஒன்பது பேர் மாட்டிக்கொள்ளப்போவதில்லை என்பதுதான் நிஜம். இதற்காக யாரும் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்கப்போவதும் இல்லை. இத்தனைக்கும், நல்லெண்ணத்தோடு கையில் எடுத்த பொருள் அடுத்தவருடையது என்று தெரிந்த பிறகும் நேர்மையற்று அதைத் தனதாக்கிக்கொள்வது குற்றம் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. பெட்டியைப் பிரிக்கிற வரைக்கும் நீங்கள் நிரபராதி. ஸ்டிக்கரில் 32 என்று படித்த நொடியிலிருந்து கணக்கு மாறுகிறது. ஆனாலும் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தை நம்பி ஒரு நியாயத்தைக் கட்டினால், மாட்டாத இடத்தில் அந்த நியாயம் இடிந்து விழும். ஆகவே அந்த வாதம் எனக்கு வேண்டாம்.

இனி, தள்ளிவைத்திருந்த அந்த நல்ல வாதம். "சரி, சொல்லிவிடுகிறேன். அப்புறம் என் பாடு?" சாட்பாட்டுடன் மல்லுக்கட்ட வேண்டும். 'தவறான பொருள் வந்தது' என்று அழுத்தினால் முழுப் பொருளையும் திருப்பி அனுப்பி, பணத்தைத் திரும்பப் பெறு என்ற ஒரே வழிதான் வரும். எடுக்க வருகிற ஆள் இரண்டு தடவை வராமல் போவார். அதற்குள் விலை ஏறிவிடும். இது கற்பனை பயமில்லை. 2025 கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டதில் ரேம் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்கையும் தாண்டியது. அந்த டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த தன் க்ரூஷியல் பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. அப்படியொரு மாதத்தில் நேர்மையாக உண்மையைச் சொன்னவர், பழைய விலைக்கான பணத்தை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு 16 ஜிபிகூட வாங்க முடியாமல் நிற்பார். வாய் மூடி இருந்தவர் 32 ஜிபியோடு உட்கார்ந்திருப்பார். இதைப் பார்த்துவிட்டு "நேர்மை என்ன சோறு போடுமா" என்று ஒருவர் கேட்டால் அவரை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் கவனியுங்கள், இது திருப்பி அனுப்பும் சிரமத்துக்கு எதிரான வாதம். சொல்லாமல் இருப்பதற்கு இதில் ஆதரவு ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் இந்த விவாதம் இவ்வளவு காலமாகக் கெட்டுக் கிடக்கிறது. சட்டம் அவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு: மறுக்க உரிமையுள்ள சரக்கை வாங்குபவர் மறுத்தால், அதைத் திருப்பி அனுப்ப அவர் கடமைப்பட்டவர் அல்ல, ஏற்கவில்லை என்று விற்றவருக்குத் தெரிவித்தால் போதும். தூக்கிக்கொண்டு போஸ்ட் ஆபீஸில் நிற்க வேண்டியதில்லை, கூரியர் காசு கட்ட வேண்டியதில்லை. வந்து எடுத்துப் போவது அவர்கள் வேலை. 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது என்கின்றன. "உங்கள் செலவில் அனுப்புங்கள்" என்று ஒரு கடை கேட்டால், நீங்கள் தாராளமாக முடியாது என்று சொல்லலாம். அந்தக் கடைக்கு எதிராகவும் இதே கட்டுரையை எழுதலாம்.

எனவே செய்ய வேண்டியது ஒரு மெயில். சாட்டில் மட்டும் சொன்னால் பதிவு மிஞ்சாது. ஆர்டர் எண், பில்லில் உள்ள மாடல், வந்திருக்கும் மாடல், அதன் சீரியல் நம்பர், படம் ஒன்று. கூடவே உங்கள் நிபந்தனையையும் எழுதுங்கள்: பணம் வேண்டாம், கேட்ட பொருள் வேண்டும், சரியான பீஸைக் கொண்டுவரும் ஆளிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். விலை ஏறியிருந்தாலும் பேசிய விலைக்குக் கேட்டதைக் கொடுக்கும் பொறுப்பு அவர்களுடையது. 32 ஜிபி உங்களுக்கே பிடித்துப்போயிருந்தால், வித்தியாசத்தைக் கட்டி வைத்துக்கொள்கிறேன் என்று விலை கேளுங்கள். பல கடைகள் அதற்குச் சந்தோஷமாக ஒப்புக்கொள்ளும், வந்து எடுக்கும் செலவு மிச்சம். ஒரு கேபிளோ சின்ன ஃபேனோ மாறி வந்திருந்தால், "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சரியானதை அனுப்புகிறோம்" என்று பதில் வருவதும் உண்டு. அப்படி எழுத்தில் வந்தால் அது அன்பளிப்பு, கூச்சப்படாமல் மாட்டிக்கொள்ளலாம்.

பதிலே வராவிட்டால்? இன்னொரு மெயில், அதில் ஒரு நியாயமான கெடு, அதுவரை சீல் உடைக்காமல் அலமாரியில். கெடு தாண்டியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், அதற்குப் பிறகு ஒருவர் அந்த ரேமை எடுத்து மாட்டிக்கொண்டார் என்பதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். என்றைக்காவது அவர்கள் பணம் கேட்டு வந்தால் வித்தியாசத்தைக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதனால் அந்த இரண்டு மெயில்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.